கரையில் கிடைக்கும் குரல்

நுழையும்முன்

கடல் கடந்து பொருள் தேடிச் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. சென்றவர் நலமாக இருக்கிறாரா என அறியக் கரையில் காத்திருப்பதும் புதிதன்று. இன்று கப்பலையும் வீட்டையும் திறன்பேசி இணைக்கிறது. ஆயினும், அவ்விணைப்பு எல்லார்க்கும் எளிய விலையில் கிடைத்துவிடுவதில்லை. சொகுசுக் கப்பலில் பணியாற்றுவோர், துறைமுகந்தோறும் மலிவான இணையத்தைத் தேடி நடக்கின்றனர். அந்த நடையின் பின்னுள்ள அறிவியலையும் வாழ்வையும் உரிமையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒரு துறைமுகம், இருவகைத் தேடல்

கரீபியன் கடலின் வடகிழக்கு விளிம்பில் செயின்ட் மார்ட்டின் என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர். தீவின் தென்பகுதி நெதர்லாந்து முடியரசைச் சேர்ந்தது. வடபகுதி பிரான்சு நாட்டுக்கு உரியது. தென்பகுதியின் தலைநகரான பிலிப்ஸ்பர்க்கின் துறைமுகத்துக்குச் சுற்றுலாப் பருவத்தில் சொகுசுக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. காலையில் வரும் கப்பல் பெரும்பாலும் மாலையிலேயே புறப்பட்டுவிடும்.

கப்பலிலிருந்து இறங்குவோரில் இருவகையினர் உண்டு. முதல் வகையினர் பயணிகள். வெண்மணற் கடற்கரையும் கடைத்தெருவும் அவர்களை அழைக்கின்றன. இரண்டாம் வகையினர் கப்பலின் பணியாளர்கள். அறைகளைத் தூய்மை செய்வோர், சமையற்கூடத்தில் காய் நறுக்குவோர், உணவு பரிமாறுவோர், எந்திர அறையில் உழைப்போர் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். சீருடையைக் களைந்துவிட்டு வெளியே வரும் அவர்களின் கண்கள் கடற்கரையைப் பார்ப்பதில்லை. கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் ஒட்டப்பட்டுள்ள அறிவிப்புகளையே பார்க்கின்றன. எங்கே அருகலை (வைஃபை) இணைப்பு உண்டு, அதற்கு என்ன விலை என்பதே அவர்களின் முதல் தேடல்.

பயணிகளும் மலிவான இணையத்தைத் தேடுவதுண்டு. கப்பலில் விற்கப்படும் இணையத்தின் விலை பலரையும் மலைக்க வைப்பது. எனினும், பயணிக்கு அது ஒரு வாரச் சிக்கல். ஊருக்குத் திரும்பியதும் தீர்ந்துவிடும். பணியாளருக்கோ அது பல மாதச் சிக்கல். அவருடைய ஒப்பந்தம் முடியும் வரை கப்பலே ஊர், கப்பலே வீடு.

காலமும் அவர்களுக்கு இடையூறாக நிற்கிறது. செயின்ட் மார்ட்டினில் நண்பகல் 12 மணியாக இருக்கும்போது இந்தியாவில் இரவு 9.30 மணி, பிலிப்பைன்சில் நள்ளிரவு 12 மணி. சொகுசுக் கப்பல்களில் இவ்விரு நாட்டவரும் பெருமளவில் பணிபுரிகின்றனர். நண்பகல் உணவுப் பணி முடிந்து ஒருவர் கரை இறங்கும்போது, தூத்துக்குடியில் அவருடைய மகள் உறங்கும் நேரம் நெருங்கிவிடும். மணிலாவில் உள்ள குழந்தையோ உறங்கி வெகுநேரமாகியிருக்கும். எனவே, இணைப்பு கிடைத்தால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும்.

வானேறி இறங்கும் சொல்

கரையில் எளிதாகக் கிடைக்கும் இணையம் கடலில் ஏன் அரிதாகிறது? இதற்கு விடை, செய்தி செல்லும் பாதையில் இருக்கிறது.

நிலத்தில் உள்ள இணையம் பெரும்பாலும் ஒளியிழைகளின் வழியே செல்கிறது. கண்டங்களுக்கு இடையேயான தரவுப் போக்குவரத்தின் மிகப்பெரும் பகுதியைக் கடலடியில் கிடத்தப்பட்டுள்ள ஒளியிழை வடங்களே சுமக்கின்றன. முடியளவு மெல்லிய இழைகள் அளவற்ற தரவைக் கடத்துவதால் கரையில் இணையத்தின் விலை குறைகிறது. கடலடி வடத்துக்கு நேர் மேலே கப்பல் சென்றாலும் அதனால் அவ்வடத்தைத் தொட இயலாது. நகரும் கப்பலுக்கு வானமே வழி.

புவியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. கப்பலிலிருந்து புறப்படும் ஒரு சொல் அவ்வளவு உயரம் ஏறி, மீண்டும் அவ்வளவு தொலைவு இறங்கித் தரை நிலையத்தை அடைய வேண்டும். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். அந்த வேகத்திலும் ஒரு வழிப் பயணத்துக்குக் கால் நொடி ஆகிறது. மறுமொழி திரும்பி வருவதற்குள் அரை நொடி கடந்துவிடும். “சாப்பிட்டாயா?” என்று கேட்பவருக்கு ஒரு சிறு அமைதிக்குப் பின்னரே விடை வரும். அந்த அமைதியைப் பொறுக்காமல் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவர். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவர்.

மேலும், செயற்கைக்கோள் வழங்கும் அலைவரிசைக்கு வரம்பு உண்டு. ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் பயணிகளும் பணியாளர்களுமாகப் பல ஆயிரம் பேர் இருப்பர். அத்தனை பேரும் ஒரு குறுகிய வாய்க்காலில் நீர் மொள்ள வேண்டும். அரிதான பொருளுக்கு விலை கூடுவது சந்தையின் இயல்பு.

இதில் அறியாதோரைச் சிக்கவைக்கும் கண்ணி ஒன்றும் உண்டு. சில கப்பல்களில் கைப்பேசிக்கான சிறு அலைபரப்பிகள் உள்ளன. அவை கரையில் உள்ள கோபுரத்தைப் போலவே தோன்றினும், செயற்கைக்கோள் வழியாகவே இயங்குகின்றன. திறன்பேசியை விமானப் பயன்முறையில் வைக்காதவரின் கருவி, அவர் அறியாமலே அந்த வலையமைப்பில் சேர்ந்து தரவைப் பயன்படுத்தும். மாத முடிவில் வரும் கட்டணச் சீட்டே உண்மையை உரைக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தை நீக்கிய 2017ஆம் ஆண்டு விதிகூடக் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்புக்குப் பொருந்தாது.

கடல் சூழ்ந்த நிலத்தின் நிலையும் அண்மைக்காலம் வரை இதுவேதான். அந்தமான் நிக்கோபார் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி ஒளியிழை வடம் இடப்பட்டு, 2020 ஆகஸ்டு 10 அன்று அது பயன்பாட்டுக்கு வந்தபோதுதான் அத்தீவு மக்கள் விரைவான இணையத்தைப் பெற்றனர். தீவுக்கு வடத்தைக் கொண்டு செல்லலாம். கப்பலோ வடத்தைத் தேடிக் கரைக்கு வர வேண்டும்.

கரையில் உள்ள வழிகள்

கரை சேர்ந்த கடலோடிக்குப் பல வழிகள் உள்ளன. அவற்றின் நிறைகுறைகளை அவர் நன்கறிவார்.

முதலாவது, உள்ளூர்ச் சிம் அட்டை. பார்வைக்கு இதுவே மலிவானது. ஆனால், ஒரு மாதம் செல்லத்தக்க அட்டையை வாங்குபவர் அத்துறைமுகத்தில் இருப்பது எட்டு மணி நேரம்தான். மறுநாள் கப்பல் வேறொரு நாட்டில் நிற்கும். அங்கே அந்த அட்டை செல்லாது. முப்பது நாளுக்குப் பணம் கொடுத்து ஒரு நாள் மட்டும் பயன்படுத்தினால் அது மலிவாகுமா? ஒரே துறைமுகத்துக்குக் கப்பல் வாரந்தோறும் திரும்பி வருமானால் மட்டுமே அது பயன் தரும்.

செயின்ட் மார்ட்டின் தீவு இதனை அழகாக விளக்குகிறது. அதன் பிரெஞ்சுப் பகுதி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உட்பட்டது. நெதர்லாந்துப் பகுதி உட்பட்டதன்று. ஐரோப்பியச் சிம் அட்டை வைத்திருப்பவர் வடபகுதியில் தம் ஊர்க் கட்டணத்திலேயே பேசலாம். தென்பகுதிக்கு வந்தால் அந்தச் சலுகை நின்றுவிடலாம். இரு பகுதிகளுக்கும் இடையே காவலரும் இல்லை, கதவும் இல்லை. நடப்பவர் காணாத எல்லையைக் கைப்பேசி காண்கிறது.

இரண்டாவது, பல நாடுகளில் செல்லத்தக்க இ-சிம். அட்டையை மாற்றாமலே இணைப்பைப் பெற இது உதவும். எனினும், எந்தெந்த நாடுகள் அத்திட்டத்தில் உள்ளன என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். அதனை ஏற்கும் கருவியும் வேண்டும். பழைய திறன்பேசி வைத்திருப்பவருக்கு இவ்வழி அடைபட்டதே.

மூன்றாவது, உணவகங்களின் அருகலை. ஒரு குளம்பியோ குளிர்பானமோ வாங்கினால் கடவுச்சொல் கிடைக்கும். துறைமுக வாயிலுக்கு அருகில் உள்ள கடைகளில் கூட்டம் மிகுதி. நூறு பேர் ஒரே இணைப்பைப் பகிர்ந்தால் காணொலியில் முகம் உறைந்து நிற்கும். ஆதலால், பழகிய பணியாளர்கள் இரண்டு தெரு தள்ளி நடப்பர். எந்தக் கடையில் இணைப்பு விரைவானது, எங்கே நெடுநேரம் அமர்ந்தாலும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்னும் செய்திகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்கின்றன. புதிதாகப் பணியில் சேர்ந்தவருக்கு மூத்தவர் கற்றுத்தரும் முதற்பாடங்களுள் இதுவும் ஒன்று.

பொது இணைப்பில் விழிப்பும் வேண்டும். வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்காகவே பலர் இணையத்தைத் தேடுகின்றனர். ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியதாலேயே ஓர் இணைப்பு அந்நிறுவனத்துடையது ஆகிவிடாது. இணைப்பின் சரியான பெயரைக் கடைக்காரரிடம் கேட்டறிவதும், கடவுச்சொற்களையும் ஒருமுறைக் குறியீட்டையும் எவரிடமும் பகிராமையும் மாத ஊதியத்தைக் காக்கும் காவல்கள்.

நான்காவது, கடலோடிகள் நல மையம். 1856இல் தோன்றிய ‘மிஷன் டு சீஃபேரர்ஸ்’, 1920இல் தோன்றிய ‘ஸ்டெல்லா மாரிஸ்’ போன்ற தொண்டு அமைப்புகள் உலகின் பல துறைமுகங்களில் இத்தகைய மையங்களை நடத்துகின்றன. சென்னையிலும் தூத்துக்குடியிலும் இப்பணி நடைபெறுகிறது. முற்காலத்தில் கடிதம் எழுதத் தாளும் மேசையும் அளித்த இம்மையங்கள், பின்னர்த் தொலைபேசி அட்டைகளை வழங்கின. இன்று இணைய இணைப்பை வழங்குகின்றன. கருவி மாறினும் தேவை மாறவில்லை.

நான்கு மணி நேரத்தின் கணக்கு

கப்பல் துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறது என்றால், பணியாளருக்கும் எட்டு மணி நேரம் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கரையில் நிற்கும்போதும் கப்பலின் பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட தொகையினர் உள்ளேயே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முறைவைத்து வரும். முறை இல்லாத நாளில், நண்பகல் பணிக்கும் மாலைப் பணிக்கும் இடைப்பட்ட மூன்று அல்லது நான்கு மணி நேரமே அவருக்குச் சொந்தம். போகவும் வரவும் வாயிற்சோதனைக்கும் ஒரு மணி நேரம் கழியும்.

அந்த நேரம் உறங்குவதற்குரிய நேரமும்கூட. கடலோடிக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதிகாலையில் எழுந்து இரவு நெடுநேரம் வரை உழைப்பவருக்கு அந்த ஓய்வு துண்டு துண்டாகவே கிடைக்கிறது. படுத்து உறங்குவதா, நடந்து சென்று வீட்டாரிடம் பேசுவதா? உடல் ஒன்றைக் கேட்கும். மனம் மற்றொன்றைக் கேட்கும். துறைமுகத் தெருவின் படிக்கட்டில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பவர், தம் உறக்கத்தை விற்று அந்தப் பேச்சை வாங்கியவர்.

இணைப்பு கிடைத்தவுடன் திறன்பேசி நெடுநேரம் அதிரும். ஐந்தாறு நாள்களாகக் காத்திருந்த செய்திகள் வரிசையாக வந்து விழும். திங்களன்று தந்தைக்குக் காய்ச்சல், செவ்வாயன்று மருத்துவமனை, புதனன்று இரத்தப் பரிசோதனை, வெள்ளியன்று வீடு திரும்பினார். நடந்து முடிந்தவற்றை எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் படிக்கிறார் மகன். தந்தை நலமடைந்துவிட்டார் என்பதைக் கடைசிச் செய்தி சொல்கிறது. ஆனாலும், முதற்செய்தியைப் படித்தபோது நின்ற மூச்சு அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. அவர் மருத்துவமனையில் இருந்த இரவில், தாம் விருந்து மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம் என்னும் எண்ணம் எஞ்சி நிற்கிறது.

வீட்டாரும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. “தொலைவில் இருக்கும் பிள்ளை கலங்குவானே” என்று தாய் சிலவற்றை மறைப்பாள். “அம்மா வருந்துவாரே” என்று மகனும் தன் களைப்பை மறைப்பான். கிடைத்த இருபது நிமிடத்தில் இருவரும் ஒருவரையொருவர் காத்துக்கொள்கின்றனர்.

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது தமிழ் இலக்கண மரபு. பிரிந்து சென்றவரை எண்ணிக் கரையில் இருப்பவர் வருந்தும் வருத்தம் அது. இன்றைய கடலோடி கரையில் அமர்ந்துதான் வருந்துகிறார். ஆனால், அவர் அமர்ந்திருக்கும் கரை அவருடைய கரையன்று.

தந்தியிலிருந்து சட்டம் வரை

கடலில் செய்தித் தொடர்பு தொடக்கத்திலிருந்தே ஒரு விற்பனைப் பொருள். 1912இல் டைட்டானிக் கப்பலில் பணியாற்றிய கம்பியில்லாத் தந்தியாளர்கள் மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள். பயணிகள் கட்டணம் செலுத்தி அனுப்பும் செய்திகளைக் கையாள்வது அவர்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. ஏப்ரல் 14 இரவில் அவ்வாறான செய்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த வேளையில், அருகில் இருந்த மற்றொரு கப்பல் பனிக்கட்டி பற்றித் தெரிவிக்க முயன்றது. அது இடையூறாகக் கருதப்பட்டுத் தடுக்கப்பட்டது. பனிப்பாறையில் மோதியபின் அதே கருவி எழுப்பிய அபயக் குரலைக் கேட்டுக் கார்ப்பேத்தியா கப்பல் விரைந்து வந்து, 700க்கும் மேற்பட்டோரை மீட்டது. 1914இல் உருவான கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, அபயக் குரலைக் கேட்க இரவும் பகலும் செவி திறந்திருக்க வேண்டும் என வகுத்தது. உயிர் காக்கும் செய்தி அன்று சந்தையிலிருந்து விலகிக் கடமையாயிற்று.

மனம் காக்கும் செய்தி அவ்வாறு ஆவதற்கு மேலும் நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, 2006இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை ஏற்றது. 2013 ஆகஸ்டு 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2015இல் இந்தியா அதில் இணைந்தது. கப்பலில் எப்பணியைச் செய்பவரும் கடலோடியே என்பது அதன் வரையறை. மாலுமி மட்டுமல்லர், தட்டுக் கழுவுபவரும் கடலோடியே.

2020இல் கொரோனா பெருந்தொற்று பரவியபோது துறைமுகங்கள் கடலோடிகளுக்கு மூடப்பட்டன. ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப இயலாமல் ஏறத்தாழ 4 லட்சம் பேர் கப்பல்களில் தவித்தனர். கரையில் இணையம் இருந்தது. ஆனால், கரையில் கால் வைக்க இசைவு இல்லை. அந்தப் பட்டறிவுக்குப் பின், 2022இல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. கடலோடிகளுக்கான நல வசதிகளுள் சமூகத் தொடர்பும் இடம்பெற்றது. கப்பல் உரிமையாளர்கள் இயன்றவரை இணையம் வழங்க வேண்டும். துறைமுகங்களிலும் நங்கூரமிடும் இடங்களிலும் நாடுகள் இயன்றவரை அதனை வழங்க வேண்டும். கட்டணம் பெற்றால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என அது வழிகாட்டுகிறது. 2024 டிசம்பர் 23 முதல் இத்திருத்தம் நடைமுறையில் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் முயற்சியால், 2011 முதல் ஆண்டுதோறும் ஜூன் 25 உலகக் கடலோடிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியாவின் தேசியக் கடல்சார் நாள் ஏப்ரல் 5. ‘எஸ்.எஸ். லாயல்டி’ என்னும் இந்தியக் கப்பல் 1919இல் அந்நாளில் மும்பையிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டதை அது நினைவூட்டுகிறது.

இணைப்பு வந்த பின்

தொழில்நுட்பமும் தன் பங்கைச் செய்து வருகிறது. புவிக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்கள், 2022 முதல் சொகுசுக் கப்பல்களையும் இணைக்கத் தொடங்கின. உயரம் குறைந்ததால் அந்த அரை நொடி அமைதி மறைந்துவருகிறது. நடுக்கடலிலும் காணொலியில் பேச இயலுகிறது. எனினும், கருவி கப்பலுக்கு வந்துவிட்டது என்பதாலேயே அது கீழ்த்தளம் வரை வந்துவிட்டதாகப் பொருளன்று. பணியாளருக்கு எவ்வளவு தரவு, என்ன விலை என்பதைத் தீர்மானிப்பது செயற்கைக்கோள் அன்று. கப்பலை நடத்துவோரின் மனம்.

இணைப்பு வந்த கப்பல்களில் புதிய கவலை ஒன்றும் பேசப்படுகிறது. முன்பு பணி முடிந்ததும் பொதுக்கூடத்தில் சீட்டாடியும் பாடியும் பொழுது போக்கியவர்கள், இப்போது தத்தம் அறைக்குள் திரையோடு ஒடுங்குகின்றனர். இரவில் உறக்கம் குறைகிறது. ஊரில் நிகழும் சிறு பூசலும் உடனுக்குடன் வந்து நெஞ்சை அலைக்கழிக்கிறது. கவலை உண்மையானதே. ஆயினும், அதனைக் காரணம் காட்டி இணைப்பை மறுப்பது, மிகுதியாக உண்டால் செரிக்காது என்று சொல்லி உணவை மறுப்பதற்கு ஒப்பாகும். அளவறிந்து பயன்படுத்தும் உரிமையும் பொறுப்பும் கடலோடிக்கு உரியவை. நிலத்தில் வாழும் நமக்கு அவை உரியவையாக இருப்பதைப் போலவே.

இந்தியாவில் இணையத் தரவு மலிவானது. வகுப்பறைக்கு வெளியே ஒவ்வொரு கையிலும் அது தாராளமாகப் புழங்குகிறது. அதன் அருமை, அதற்காக வெயிலில் இரண்டு தெரு நடப்பவருக்கே தெரியும். அவருக்கு வேண்டியது பொழுதுபோக்கன்று. தந்தையின் காய்ச்சல் தணிந்ததா என்னும் ஒரு விடை.

சட்டம் தன் கடமையைச் செய்து, ‘நியாயமான கட்டணம்’ என்று எழுதிவைத்துவிட்டது. எவ்வளவு என்று அது சொல்லவில்லை. அந்த இரு சொற்களின் பொருளைக் கப்பல் உரிமையாளர் விலைப்பட்டியலில் எழுதலாம். துறைமுக அலுவலர் வாயிலருகே நிறுவும் ஓர் அலைபரப்பியில் எழுதலாம். இணைப்பின் கடவுச்சொல்லை விலையின்றிக் கதவில் எழுதி ஒட்டும் ஒரு கடைக்காரரும் எழுதலாம்.